குஞ்சனுக்கு இண்டைக்கு மருந்து தொடங்கி 61ஆம் நாள்

விடிய எழும்பி முதல் வேலையா எங்கட பூனை குஞ்சனை குசினித் தராசில வைச்சு நிறுத்தன், 2 கிலோ 740. போன ஞாயிறு 2 கிலோ 690. 50 கிராம் கூடியிருக்கு. ஒரு பிடி சின்ன வெங்காயம்தான் அவ்வளவு வரும், ஆனா நான் அதைப் பாத்திட்டு அப்பிடியே நிண்டு அழுதிட்டன், அம்மா ஓடி வந்து என்னடி பிள்ளை எண்டு கேட்டு தராசை எட்டிப் பாத்திட்டு ஒண்டும் பேசாம தேத்தண்ணி போடப் போயிட்டா.

குஞ்சன் தை மாசம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில மீன் விக்கிற பக்கத்தில கிடைச்சவன். மஞ்சள் கடுவன். ஒரு கையுக்க அடங்கிற அளவு, கண் ரெண்டும் பீளை கட்டி ஒட்டிப்போய் இருந்துது. கொக்குவிலுக்கு சைக்கிள் கூடையில கொண்டு வந்தன், ஒரு மாசத்தில வீடு முழுக்க அவன்ட ராச்சியம்தான், அம்மா சூடை மீன் துப்பரவாக்க இருந்தா சத்தம் கேட்டு எங்க நிண்டாலும் வந்திடுவான், கிணத்துக் கட்டுக்கு மேல ஏறி நடந்து எங்களை ஏங்கப் பண்ணுவான்.

ஆடி மாசத்தில ஒருநாள் கதிரையில பாயப் பாத்திட்டு பாயாம கீழயே படுத்தான். அண்டைக்கே நான் கவனிச்சிருக்க வேணும். வெக்கையாக்கும் எண்டு விட்டிட்டன். ரெண்டு நாளில சாப்பாட்டை மணந்து பாத்திட்டு திரும்பிப் போனான், காது நெருப்பாச் சுட்டுது. மிருக வைத்தியர் காய்ச்சலுக்கு அன்டிபயோட்டிக் ஊசி போட்டார், 5 நாள் போட்டும் காய்ச்சல் இறங்கேல்லை. அதுக்குள்ள வயிறு மட்டும் பெருக்கத் தொடங்கிட்டுது. பக்கத்து வீட்டு மாமி "நல்லாச் சாப்பிடுறான் போல, வண்டி வைச்சிட்டுது" எண்டா. ஆனா முதுகைத் தடவினா எலும்பு ஒவ்வொண்டாக் கையில தட்டுப்படுது, பல்லு முரசு வெளிறி மஞ்சள் பூத்துக் கிடக்கு.

திரும்பவும் கொண்டு போனம். டொக்டர் வயித்தில ஊசி குத்தி தண்ணி எடுத்தார், தண்ணி எண்டு சொல்லேலாது, வைக்கோல் நிறத்தில பிசுபிசுவெண்டு நூல் மாதிரி இழுபட்டுது. பேந்து ஒரு கண்ணாடிக் குழாயில காய்ச்சி வடிச்ச தண்ணி விட்டு, அதுக்க அசெற்றிக் அசிட் ஒரு துளி கலந்து, மேல இந்தத் தண்ணியில ஒரு சொட்டு விட்டார். கரைஞ்சா பிரச்சினை குறைவு, கரையாட்டி தான் யோசிக்க வேணும் எண்டு சொல்லிட்டுத்தான் விட்டவர். அது கரையேல்லை. சொறிமுட்டை கடலுக்க மிதக்கிற மாதிரி உருக்குலையாம மெதுவா கீழ இறங்கிச்சு. அதைப் பாத்துக்கொண்டு நிண்ட அந்த கொஞ்ச நேரம் என்ட சீவியத்தில மறக்காது. இரத்தப் பரிசோதனையிலயும் அல்புமின் எண்ட புரதம் குறைஞ்சு குளோபியுலின் எண்ட மற்றப் புரதம் எகிறி, ரெண்டுக்கும் உள்ள விகிதம் 0.4க்கும் கீழ.

"தங்கச்சி, இது எஃப்.ஐ.பி. மாதிரித்தான் இருக்கு" எண்டார்.

எஃப்.ஐ.பி. எண்டா பூனைகளுக்கு வாற ஒரு பொல்லாத வருத்தம். பூனைகளுக்கெண்டு ஒரு கொரோனா வைரஸ் இருக்கு, மனுசருக்கு வந்த கோவிட் இல்லை, எங்களுக்குத் தொத்தாது. கனக்கப் பூனைகள் சேந்து இருக்கிற இடங்களில அது சர்வசாதாரணம், பெரும்பாலும் கொஞ்சம் வயித்தாலை போறதோட முடிஞ்சிடும். ஒரு சில பூனைகளில மட்டும் அந்த வைரஸ் உடம்புக்குள்ளயே உருமாறி இரத்தக் குழாய்களைப் புண்ணாக்கி தண்ணியை வயித்துக்க, நெஞ்சுக்க கசிய விடுது. கூடுதலா ரெண்டு வயசுக்கு உட்பட்டதுகளைத்தான் பிடிக்குமாம். ஏன் குஞ்சனை எண்டு கேட்டன். டொக்டரிட்ட அதுக்கு மறுமொழி இல்லை.

அவர் ரெண்டு வழி சொன்னார். ஒண்டு, நோகாம ஊசி போட்டு அனுப்பிறது. மற்றது, 84 நாள் ஒரு நாளும் பிசகாம மருந்து. 2019க்கு முதல் எண்டா ரெண்டாவது வழியே இருந்திருக்காது, இந்த வருத்தம் வந்தா கிட்டத்தட்ட சாவு எண்டுதான் அர்த்தம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்து டேவிஸ் வளாகத்தில நீல்ஸ் பெடர்சன் எண்ட மிருக வைத்தியர் 1960களில இருந்தே இந்த வருத்தத்தோட மல்லுக்கட்டினவர், அவரும் கூட இருந்தாக்களும் 2019இல வெளியிட்ட ஆய்வில ஜி.எஸ். 441524 எண்ட மருந்தை 31 பூனைகளுக்குக் குடுத்திருக்கினம், 25 தப்பியிருக்கு. கோவிட் நேரம் பேர் அடிபட்ட ரெம்டெசிவிர் உடம்புக்க போய் மாறுறதும் இந்த மருந்தாத்தான். அண்டு ராத்திரி நான் படுக்கேல்லை, 31இல 25, 31இல 25 எண்டு அதையே திருப்பித் திருப்பி நினைச்சுக்கொண்டு கிடந்தன், பேந்து மற்ற 6 பூனையும் நினைவுக்கு வந்துது, அதுகளையும் ஆரோ ஒராள் மடியில வைச்சிருந்திருப்பினம் தானே.

மருந்து கொழும்பில இருந்து நைட் பஸ்ஸில வந்துது. காசு என்ட ரெண்டு மாசச் சம்பளத்துக்குக் கிட்ட. சொந்தத்துக்க ஒராள் "இந்தக் காசுக்கு எத்தினை பிள்ளையளுக்குக் கொப்பி வாங்கிக் குடுக்கலாம்" எண்டு அம்மாட்டச் சொல்லியிருக்கிறா. அம்மாவும் முதல் நாள் அப்பிடித்தான் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்தா, எனக்கு அது பெரிய வேதனை.

முதல் கிழமை காய்ச்சல் விட்டுது, ஆனா நிறை குறைஞ்சுகொண்டே போச்சு, 2 கிலோ 100இல இருந்தவன் 1 கிலோ 850க்கு வந்திட்டான். கைகால் நடுங்கிப்போச்சு எனக்கு. வயித்துத் தண்ணி வத்தினா நிறை இறங்கும்தானே, பயப்பிடாதைங்கோ எண்டு டொக்டர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்துது. நல்லூர்த் திருவிழா வேற, கோயிலடி றோட்டெல்லாம் பூட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில ஒழுங்கை ஒழுங்கையாச் சுத்தி இரத்தம் எடுக்கப் போனனாங்கள், தூரத்தில மேளம் கேக்க கூடைக்க கிடந்து காதை மட்டும் ஆட்டினான். முருகா எண்டு அந்த இடத்திலயே ஒரு நேர்த்தி வைச்சன்.

நிறை கூடக் கூட மருந்தின்ட அளவும் கூட்ட வேணும், அதுதான் இந்தத் தராசு. ராத்திரி 8 மணிக்குக் குளிசை. முதல் நாளெல்லாம் கடிச்சுத் துப்பினான், என்ட கை முழுக்கக் கீறல். ஒருநாள் அம்மா வந்து "தா இஞ்சை" எண்டு வாங்கி, முள் எடுத்த சூடை மீனுக்க வைச்சு உருட்டி ஊட்டினா. விழுங்கிட்டான். அண்டைக்குத்தான் அவ அந்தக் கதையைச் சொன்னா. 1995 ஒக்டோபர் 30, சண்டையால யாழ்ப்பாணச் சனம் இடம்பெயர்ந்த நேரம், மழைக்க சனத்தோட சனமா நாவற்குழிப் பாலம் தாண்டி சாவகச்சேரிக்குப் போன இரவு, வீட்டில வயித்தில குட்டியோட ஒரு பெட்டைப் பூனை நிண்டதாம். சிரட்டையில பாலை வைச்சிட்டு, கதவைத் திறந்து விட்டிட்டு வெளிக்கிட்டினமாம். அடுத்த வருசம் திரும்பி வரேக்க கூரையே இல்லையாம். "பின்னேரத்தில கூப்பிட்டுப் பாப்பன்" எண்டா. வேற ஒண்டும் சொல்லேல்லை. இத்தனை வருசத்தில இதை எனக்கு ஏன் சொல்லேல்லை எண்டு நானும் கேக்கேல்லை.

இன்னும் 23 நாள் மருந்து இருக்கு. அதுக்குப் பிறகு திரும்பவும் 84 நாள், மருந்தில்லாம, வருத்தம் திரும்பி வருதோ எண்டு பாத்துக்கொண்டு இருக்க வேணும். தண்ணி நெஞ்சுக்க போனா மூச்சு கூடுமாம், அதால நித்திரையில மூச்சை எண்ணச் சொன்னவர், நிமிசத்துக்கு 30க்குக் கீழ இருக்க வேணும். நேற்று ரெண்டு மணிக்கு அலாரம் அடிக்க முதலே எழும்பி விறாந்தைக்குப் போனன். அம்மா இருட்டுக்க நிலத்தில இருந்து, ஒரு கையால போன் வெளிச்சத்தை மணிக்கூட்டுக்குப் பிடிச்சுக்கொண்டு, மற்றக் கையை அவன்ட விலாவுக்கு மேல தொட்டும் தொடாமலும் வைச்சிருந்தா. என்னைக் கண்டிட்டு விரலை வாயில வைச்சு கொஞ்சம் பொறு எண்டு காட்டினா. முடிய, மெதுவா, "22" எண்டா.