உப்புப் போடாத சாயம்

நாங்கள் திமாருவுக்கு வந்து இறங்கியது ஒரு ஜூன் மாதம். நமக்கு ஜூன் என்றால் பள்ளிக்கூடம் திறக்கிற மாதம். நியூசிலாந்தின் தென்தீவில் அது நடுக்குளிர். வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் நானும் ஹீட்டரும்தான். மூன்றாவது வாரம் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வேலிக்கு மேலே ஒரு மூட்டையை நீட்டினார். பிரித்தால் ராம்னி இனச் செம்மறி ஒன்றின் முழுக் கம்பளி, சாணியும் பிசுக்குமாக. வேண்டாமென்றால் செடிகளுக்கு அடியில் போட்டு மூடிவிடுவாராம். முரட்டு ரகக் கம்பளிக்கு விலை அப்போது அப்படி விழுந்து கிடந்தது. மயிர் வெட்டுகிற கூலிக்கே கட்டாத வருஷங்களும் உண்டு என்று அப்புறம் தெரிந்துகொண்டேன்.

அவரே ஒரு ராட்டையையும் இரவல் கொடுத்தார். ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிற ஆஷ்பர்ட்டனில் செய்தது. அங்கே ஆஷ்ஃபோர்ட் குடும்பத்தார் 1934இல் ஆரம்பித்த கம்பெனி இன்றும் ராட்டை செய்கிறது. நூற்கப் பழக எனக்கு இரண்டு மாதம் ஆனது. அந்தக் கதையில் அறுந்த நூலைத் தவிர ஒன்றும் இல்லை, விட்டுவிடலாம்.

சாயம் மட்டும் எனக்குத் தெரிந்த வேலை என்று நினைத்தேன். அப்பா திருப்பூரில் டையிங் மாஸ்டர். சாயம் போட்ட விரலோடுதான் எங்களுக்குச் சோறு பிசைந்து கொடுப்பார். ஆனால் அவர் போட்டதெல்லாம் நூலுக்கும் துணிக்கும். நூற்பதற்கு முன்னால், வெறும் பஞ்சாக இருக்கும்போதே சாயம் போடுவதை நான் பார்த்ததில்லை. பெரியம்மா நீலத்தில் ஒரு பிடியும் மஞ்சளில் ஒரு பிடியும் எடுத்து, முள் பலகையில் வைத்துச் சீவி நூற்றுக் காட்டினார். தள்ளி நின்று பார்த்தால் பச்சை. கண்ணருகே கொண்டுபோனால் நீலமும் மஞ்சளும் தனித்தனி இழையாக ஓடின. நூலைப் பச்சைச் சாயத்தில் முக்கினால் இந்த ஓட்டம் வராது.

சரி என்று நானும் இறங்கினேன். கம்பளிக்கான சாயப்பொடி வாங்கி, பழைய குண்டானில் கரைத்து, கைப்பழக்கத்தில் இரண்டு பிடி உப்பு, ஒரு கரண்டி சோடா. தளதளவென்று கொதிக்கவிட்டு, அப்பா தொட்டியில் தள்ளுகிற மாதிரி கோலால் தள்ளித் தள்ளிக் கிண்டினேன். எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் அலசினால் சாயமெல்லாம் தண்ணீரோடு போகிறது. கையில் மிஞ்சியது வெளிறிப்போன, கால்மிதி மாதிரி ஒரு கட்டி. கம்பளி இழையில் மீனுக்கு இருப்பதுபோலச் செதில் உண்டு. சூட்டில் கிண்டினாலும், சூட்டிலிருந்து சட்டென்று குளிருக்குப் போனாலும் செதிலோடு செதில் மாட்டிக்கொண்டு இறுகிவிடும். அப்புறம் எந்தச் சீப்பும் அதைப் பிரிக்காது.

அப்பாவுக்கு வீடியோவில் காட்டினேன்.

"உப்புப் போட்டியா கண்ணு?"

"போட்டேம்ப்பா. அதான் தப்பாம். இதுக்கு வினிகர் ஊத்தணுமாம்."

"ஊறுகாயா போடறே?"

அவர் சிரித்ததில் தப்பில்லை. பருத்திக்கு உப்பு சாயத்தை இழைக்குள் தள்ளும், சோடா பிடித்து வைக்கும். கம்பளியோ நம் தலைமுடியைப் போலப் புரதம். சோடா மாதிரிக் காரம் அதைக் கெடுக்கும். புளிப்பு இருந்தால்தான் சாயத்தை வாங்கிக்கொள்ளும். முப்பது வருஷக் கைத்தொழில் இங்கே அப்படியே தலைகீழ்.

இப்போது செய்வது இப்படி. நூறு கிராம் கம்பளியைப் பாத்திரச் சோப்பு போட்ட வெந்நீரில் அலசிப் பிசுக்கை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி ஊறப்போடுவேன். குண்டானில் ஒரு கிராம் சாயம், அரை டம்ளர் வினிகர். (இந்தக் குண்டானில் இனி ரசம் வைக்க முடியாது, அதை ஷெட்டில் தனியாக வைத்திருக்கிறேன்.) கம்பளியை மெல்ல அமுக்கிவிட்டு அடுப்பைச் சிறுதீயில் வைத்தால் ஆவி வரவேண்டும், கொதி வரக்கூடாது. முக்கால் மணி நேரம். கரண்டியைத் தொடுவதில்லை, அதுதான் கஷ்டம். அணைத்துவிட்டு மூடி போட்டு, அப்படியே ராத்திரி முழுக்க ஆறவிடுவேன்.

முதல் தடவை சரியாக வந்த காலையில் மூடியைத் திறந்தேன். கம்பளி கருநீலமாகக் கிடக்கிறது. அதைச் சுற்றி நிற்கிற தண்ணீரில் குண்டானின் அடி தெரிகிறது. ஒரு டம்ளரில் மொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். குழாய்த் தண்ணீர் மாதிரி இருந்தது.

எங்கள் ஊர் சென்னிமலைப் பக்கம். நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கென்று கட்டியது. கடைசியில் திருப்பூர்ச் சாயத் தண்ணீர் தேங்குகிற தொட்டியாகிப் போனது. நிறமாவது கண்ணுக்குத் தெரியும். உப்புதான் சத்தமில்லாமல் கிணற்றுக்குள் இறங்கியது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது அப்பாவுக்கு வேலை போனது. அன்றைக்கு வீட்டில் யாருக்கும், நியாயம் எந்தப் பக்கம் என்று சொல்ல வாய் வரவில்லை.

டம்ளரைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். கம்பளியையும் சேர்த்துத்தான் அனுப்பினேன், அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"இது சாயம் போட்ட பிற்பாடு எடுத்த தண்ணியா?"

"ஆமாப்பா."

"உப்பே இல்லாமயா?"

அடுத்த மாதம் ஊருக்குப் போனவர்களிடம் ஒரு சிட்டம் நூல் கொடுத்துவிட்டேன். நன்றாயிருக்கிறது என்றெல்லாம் சொல்லுகிற ஆள் இல்லை அவர். பாதி நூலை அட்டைக்குள் மூடி, மீதியை வெளியே விட்டு, மொட்டைமாடி வெயிலில் கட்டி வைத்திருக்கிறாராம். ஒரு மாதம் போகட்டும், வெளுக்குதான்னு பார்த்துச் சொல்றேன் என்றார்.