'வளர்ச்சி இல்லை' என்று எழுதும் முன்

கண் மருத்துவமனை ஆய்வகத்தில் இரண்டாம் நாள்தான் நெருக்கடி. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் தட்டில் ஒன்றும் முளைத்திருக்காது, வார்டிலிருந்து போன் மேல் போன் வரும். 'வளர்ச்சி இல்லை' என்று எழுதி அனுப்பிவிடலாம். காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்களோடு பழகிய பிறகு அதை எழுத எனக்குக் கை வருவதில்லை.

கண்புரை அறுவை முடிந்து பல மாதம் கழித்து ஒருவருக்குப் பார்வை மங்கும், கண் லேசாகச் சிவக்கும். ஸ்டீராய்டு சொட்டு விட்டால் அடங்கும். நிறுத்தினால் திரும்ப வரும். செயற்கை லென்ஸ் இருக்கும் பையில் வெள்ளையாக ஒரு படலம் தெரிந்தால் முதல் சந்தேகம் கியூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்ற, காற்றில்லாமல் வளரும் பாக்டீரியா மேல்தான். அப்படி ஒரு கண்ணிலிருந்து விட்ரியஸ் திரவம், அதாவது கண்ணின் உட்புறத்தை நிரப்பும் ஜெல்லி, வந்தது. காற்றை வெளியேற்றி, முனையை மூடிய சிரிஞ்சில் அனுப்பியிருந்தார் அறுவை மருத்துவர். அந்த அக்கறைக்கே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். தயோகிளைகோலேட் என்ற, அடியில் ஆக்சிஜன் இல்லாத வளர்ப்புத் திரவம் உள்ள குழாய் முதல் வாரம் முழுக்கத் தெளிவாகவே இருந்தது. இரண்டாம் வாரத்தில் அடியில் மட்டும் மூட்டம். பாக்டீரியாவை வகை பிரிக்கும் கிராம் சாயம் போட்டால், ஊதா நிறத்தில் கோணல்மாணலான சிறு குச்சிகள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இதே கிருமி நம் தோலிலும் இமை ஓரத்திலும் சாதாரணமாகக் குடியிருப்பது. எடுக்கும்போது ஒட்டிக்கொண்டு வந்ததா, உள்ளேயே இருந்ததா? திரவத்தின் நேரடி ஸ்லைடிலும் அதே குச்சிகள் தெரிந்ததால்தான் துணிந்து எழுதினேன். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் இதற்குக் கேட்கும். ஆனால் பைக்குள் ஒளிந்திருப்பதை ஊசி மருந்து மட்டும் எப்போதும் தீர்த்துவிடாது, சிலருக்கு லென்ஸையே எடுக்க வேண்டியிருக்கும்.

ஆக்டினோமைசிஸ் என்ற பாக்டீரியா வேறு ரகம். கண்ணீர் நுண்குழாயில் மஞ்சள் மணிகளாகச் சேர்ந்துகொள்ளும். மாதக்கணக்கில் 'கண்வலி' என்று சொட்டு மருந்து ஓடும். ஜென்டாமைசின் வகை ஆன்டிபயாடிக் கிருமிக்குள் நுழையவே ஆக்சிஜன் வேண்டும். அந்தச் சொட்டு இங்கே வீண். சீழைத் துடைத்த பஞ்சை விட அந்த மணியை அனுப்புங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். இரண்டு ஸ்லைடுக்கு நடுவே நசுக்கினால் கிளைவிட்ட இழைகள் தெரியும்.

மண் ஒட்டிய இரும்புத் துண்டு கண்ணைத் துளைத்திருந்தால் மட்டும் காத்திருக்கும் பேச்சே கிடையாது. மண்ணில் வாழும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜன்ஸ் என்ற பாக்டீரியா ஒரே நாளில் கண்ணை அழித்துவிடும்; கருவிழிக்குப் பின்னால் உள்ள முன்னறையில் வாயுக் குமிழிகூடத் தெரியலாம். அங்கே கல்ச்சர் அப்புறம். ஸ்லைடில் தடித்த ஊதாக் குச்சிகளைப் பார்த்த உடனே, நான்தான் வார்டுக்குப் போன் போடுவேன்.