கேள்வி ஏதுமில்லை

"கேள்வி ஏதுமில்லை" என்றார் அரசு வழக்கறிஞர், பாதி எழுந்த நிலையிலேயே.

முதல் விசாரணையில் லஞ்சம் கேட்டார்கள் என்று சொன்ன சாட்சி, இன்று குறுக்கு விசாரணையில் எதுவும் நினைவில்லை என்று கூறிக் கூண்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். அரசு வழக்கறிஞரோ பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

ஜெயலலிதா சொத்துக்குவிப்பு வழக்கைக் கர்நாடகத்துக்கு மாற்றிய 2003-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நினைவுக்கு வந்தது. மீண்டும் அழைக்கப்பட்ட 76 சாட்சிகளில் 64 பேர் முன்பு சொன்னதிலிருந்து பிறழ்ந்தபோதும், அரசு வழக்கறிஞர் அவர்களிடம் மீண்டும் கேள்வி கேட்டு மறுவிசாரணை செய்யவுமில்லை, சாட்சியச் சட்டத்தின் 154-ஆம் பிரிவின்கீழ் தம் தரப்புச் சாட்சிகளையே குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கோரவுமில்லை என்பதை அத்தீர்ப்பு சுட்டிக்காட்டியது. அப்போது குற்றம் சாட்டப்பட்டவரே முதலமைச்சர். வழக்கை நடத்தியவர் அவருடைய அரசின் வழக்கறிஞர்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. தாம் வாதாடும் கட்சிக்காரர் யாராயினும் சாட்சியைத் துருவிக் கேட்பது அவர் கடமை. (நீதிமன்றத்துக்கு வெளியே சாட்சியை விலைபேசுவது வேறு.) அரசு வழக்கறிஞருக்கோ ஆட்சியில் இருப்பவர் கட்சிக்காரர் அல்லர்; அரசு வழக்கறிஞர் கேட்காமல் விடும் ஒவ்வொரு கேள்வியும் பொதுமக்களின் கேள்வி.

வெளியே வந்தபோது அந்தச் சாட்சி தேநீர்க் கடையில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.