விஸ்காம் கேட்டேன், செராமிக் கிடைத்தது

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் ஊரிலிருந்து எனக்கு இரண்டு மூன்று போனாவது வந்துவிடும். "பாப்பா நல்லா வரையுதும்மா. உன்னை மாதிரி ஓவியக் காலேஜ்ல சேத்துடலாமா?" என்பார்கள். சேர்க்கலாம் என்றால் உடனே அடுத்த கேள்வி: "விஸ்காம்தானே எடுக்கணும்?" இந்த இரண்டாவது கேள்விக்குப் போனிலேயே பதில் சொல்லி மாளவில்லை. எழுதி வைத்துவிட்டால் அனுப்பிவிடலாம் என்றுதான் இது.

தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரியில் ஓவியம், சிற்பம், வடிவமைப்பு படிக்க வேண்டுமென்றால் 2013இல் தொடங்கிய பல்கலைக்கழகம் ஒன்று இருக்கிறது. இப்போதைய முழுப்பெயர் தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம். சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இதன் கீழ் வருகின்றன. மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியும் அப்படித்தான். கவின்கலைக் கல்லூரியில் பிஎஃப்ஏ, அதாவது கவின்கலை இளங்கலைப் பட்டம், நான்கு வருடம். சென்னையில் பெயின்டிங், சிற்பம், விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் (விஸ்காம் என்பது இதுதான்), பிரின்ட்மேக்கிங், டெக்ஸ்டைல் டிசைன், செராமிக் டிசைன் என்று ஆறு துறைகள். கும்பகோணத்தில் பெயின்டிங், சிற்பம், விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் மூன்றும். எந்த குரூப் படித்திருந்தாலும் பரவாயில்லை. வரைந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு ஊர் விருத்தாசலம். தெரிந்தவர்களுக்கு உடனே புரியும்: பீங்கான் ஊர். செராமிக் தொழிற்பேட்டை, அதற்கென்றே ஒரு டிப்ளமோ கல்லூரி, அகல் விளக்கிலிருந்து சாமி பொம்மை வரை சூளையில் வெந்து லாரி ஏறும். அதையெல்லாம் விட்டுவிட்டு விளம்பரக் கம்பெனியில் ஏசி அறையில் உட்கார வேண்டும் என்றுதான் நான் சென்னைக்கு விண்ணப்பம் போட்டேன். விருப்ப வரிசையில் முதலில் விஸ்காம், இரண்டாவது பெயின்டிங். மீதி நான்கையும் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பினேன். கவுன்சிலிங்கில் என் முறை வந்தபோது முதல் இரண்டும் முடிந்திருந்தன. கிடைத்தது செராமிக். அப்பா பிளாட்பாரத்தில் வைத்துச் சொன்னார்: "ஏம்மா, பீங்கானுக்கா மெட்ராஸ் வரைக்கும் வந்தோம்?"

சரி, முதலில் அந்த விஸ்காம் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். அந்த ஒரே பெயரில் இரண்டு படிப்புகள் உலவுகின்றன. கலை அறிவியல் கல்லூரிகளில் இருப்பது பிஎஸ்சி விஸ்காம், மூன்று வருடம். கேமரா, எடிட்டிங், ஊடகம், விளம்பரம் என்று போகும். கவின்கலைக் கல்லூரியில் இருப்பது பிஎஃப்ஏ, நான்கு வருடம். அங்கே எழுத்துரு, போஸ்டர், இல்லஸ்ட்ரேஷன், பேக்கேஜிங். கம்ப்யூட்டரும் உண்டு, ஆனால் கை வேலைதான் அடிப்படை. சினிமாவில் உதவி இயக்குநர் ஆகும் கனவோடு இந்த விஸ்காமில் சேர்ந்த நண்பன் ஒருவன் முதல் மாதம் முழுக்க 'அ' என்ற எழுத்தின் வளைவைத் தூரிகையால் போட்டுக்கொண்டிருந்தான். "கேமரா எப்ப சார் தருவீங்க?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

நுழைவுத் தேர்வுக்கு வருகிறேன். நான் ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டி இரண்டு மாதம் போனேன். நடிகர் போட்டோவில் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பார்த்து வரையச் சொன்னார்கள். அப்புறம் இரண்டு மலை, நடுவில் சூரியன், பக்கத்தில் குடிசை. தேர்வில் எங்கள் முன்னால் இருந்தது ஒரு பிளாஸ்டிக் வாளி, இரண்டு செங்கல், மேலே அலட்சியமாகப் போட்ட ஒரு துணி. அறையில் பாதிப் பேருக்கு வாளியின் வாய் சரியாக வரவில்லை, எனக்கும்தான். வட்டம் பக்கவாட்டில் பார்த்தால் நீள்வட்டம் ஆகும் என்பது தெரியும். ஆனால் என் வாளியின் வாய் ஒரு கோணத்திலும் அடிப்பகுதி வேறு கோணத்திலும் இருந்தன. கண் மட்டத்திலிருந்து கீழே போகப் போக அந்த நீள்வட்டம் அகன்றுகொண்டே வர வேண்டும். அதாவது வாளியின் வாயைவிட அடிவட்டம்தான் இன்னும் திறந்து தெரியும். இந்த ஒன்றை மட்டும் வீட்டில் டம்ளரை வைத்து ஐம்பது முறை வரைந்திருந்தால் என் வரிசை எண் எங்கேயோ போயிருக்கும்.

ஆகவே பயிற்சிக்கு என் யோசனை: போட்டோவைப் பார்த்து வரைவதை இன்றே நிறுத்துங்கள். போட்டோ ஏற்கெனவே தட்டையானது. தட்டையாக்கும் வேலையைத்தான் தேர்வில் நம்மைச் செய்யச் சொல்கிறார்கள். குக்கர், செருப்பு, கசங்கிய லுங்கி, பாதி உரித்த வாழைப்பழம் போதும். ஆள் வரைய பேருந்து நிலையம் போங்கள். சென்ட்ரல் ஸ்டேஷனில் தூங்குகிறவர்களை வரைந்துதான் நான் உடம்பு வரையவே கற்றுக்கொண்டேன். அவர்கள் அசைய மாட்டார்கள், "என்ன பண்ற?" என்று கேட்கவும் மாட்டார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் சோழர் கால வெண்கலச் சிலைகள் இருக்கும் கூடத்துக்கு ஒருநாள் முழுக்க ஒதுக்குங்கள். ஒரே சிலையை முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று மூன்று முறை வரையுங்கள். உடம்பின் எடை எந்தக் காலில் நிற்கிறது என்று அப்போதுதான் பிடிபடும்.

இப்போது துறைகள். பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள், நாள் முழுக்கக் கையில் என்ன இருக்கும் என்று பாருங்கள். பிரின்ட் என்றால் படத்தைச் செதுக்கியோ அரித்தோ அச்செடுப்பது: மரம், லினோ, துத்தநாகத் தகடு, அமிலம், மை. எல்லாவற்றையும் இடவலம் மாற்றி யோசிக்க வேண்டும். அவசரத்தில் தன் பெயரை நேராகச் செதுக்கிவிட்டு, அச்சில் இடவலம் மாறிப் பார்க்காதவர் அந்தத் துறையில் யாரும் இல்லை. சிற்பத்தில் கம்பி கட்டி, களிமண் அப்பி, பிளாஸ்டர் அச்செடுத்து, வார்த்து முடிப்பதற்குள் தோள்பட்டை போய்விடும். டெக்ஸ்டைலை ஃபேஷன் என்று நினைத்துச் சேர்ந்துவிட்டு விழிப்பவர்கள் உண்டு. அங்கே உடை தைப்பதில்லை. துணியின் மேல் ஒரு பூ எப்படித் திரும்பத் திரும்ப வந்தும் இணைப்பு தெரியாமல் ஓட வேண்டும் என்பதுதான் பாடம். தறி, அச்சுக் கட்டை, மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக்கின் உருகிய மெழுகு, சாயம். இந்தத் துறைகளை 'கிராஃப்ட்' என்று இளக்காரமாகப் பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். இதே சென்னைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, ஓவியர்கள் நிலம் வாங்கிப் பிழைக்கக் கை கொடுத்தது பாத்திக்கும் கைவினைப் பொருள்களும்தான்.

செராமிக் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், என் துறை என்பதால். முதல் வாரங்களில் களிமண்ணைப் பிசைவதுதான் வேலை, சப்பாத்தி மாவு மாதிரி. உள்ளே காற்று நிற்கக் கூடாது. சக்கரத்தில் உருண்டையை நடுவில் நிறுத்தவே எனக்கு ஒன்றரை மாதம் ஆனது. முதல் செமஸ்டரில் ஒரு யானைத் தலை செய்தேன். நெற்றியை உள்ளே குடையாமல் கெட்டியாக விட்டுவிட்டேன், காய்ந்துவிட்டது என்றும் நினைத்தேன். மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். சூளைச் சூடு நூறு டிகிரியைத் தாண்டியதும் ஈரம் ஆவியாகி வெளியே வர வழியில்லாமல் வெடித்தது. மறுநாள் திறந்தால் என் யானையின் துண்டுகள் பக்கத்திலிருந்த சீனியர் அக்காவின் மூன்று கிண்ணங்களுக்குள் கிடந்தன. அவர் திட்டவில்லை. ஒரு துண்டை எடுத்து அதன் தடிமனை விரலால் அளந்து காட்டிவிட்டுப் போனார். அதுதான் பாடம்.

அப்புறம் நிறம். கோபால்ட் ஆக்சைடு என்று ஒரு தூள். தீட்டும்போது கறுப்பாக, கரி மாதிரி இருக்கும். சூளையிலிருந்து வெளியே வரும்போது நீலம். அதே தாமிரம் கலந்த பூச்சு காற்று நன்றாகப் போகும் சூளையில் பச்சையாகவும், காற்றைக் குறைத்த சூளையில் சிவப்பாகவும் வரும். அதாவது நாம் தீட்டுகிற நிறம் வேறு, கிடைக்கிற நிறம் வேறு. பெயின்டிங் ஆசையோடு வந்த எனக்கு இது முதலில் எரிச்சலாக இருந்தது. இரண்டாம் வருடத்தில் ஒருமுறை துறை மாற வாய்ப்பு இருக்கிறதா என்று விசாரிக்கலாமா என்று யோசித்தேன். சூளை திறக்கும் நாள் வந்ததால் அதை அப்படியே மறந்துவிட்டேன்.

மாமல்லபுரம் தனி உலகம். அங்கே பாரம்பரியச் சிற்பம், பாரம்பரிய ஓவியம், பாரம்பரியக் கட்டடக்கலை. கல், சுதை, உலோகம் என்று சிற்ப சாஸ்திர அளவுப்படி வேலை. முகத்தின் நீளம் ஒரு தாலம், அது பன்னிரண்டு அங்குலம். நவதாலம் என்றால் ஒன்பது தாலம், மொத்த உயரம் 108 அங்குலம். இந்த அங்குலம் ஸ்கேல் அங்குலம் இல்லை, அந்தச் சிலைக்கு மட்டுமான அளவு. "என் இஷ்டத்துக்குச் செய்வேன்" என்கிற ஆளுக்கு அங்கே மூச்சு முட்டும். கோயில் வேலையில் ஆசை இருப்பவர்களுக்கு அதைவிட நல்ல இடம் தெரியவில்லை. கும்பகோணம் எடுப்பவர்களுக்குச் சுவாமிமலை வார்ப்புக் கூடங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. சிற்பம் படிக்கிறவர்கள் அதைப் பயன்படுத்தாமல் விட்டால் அவர்கள் தப்பு.

பி.டெஸ். பற்றியும் கேட்கிறார்கள். அது வடிவமைப்புப் படிப்பு: பொருள், செயலி, வாகனம், உடை என்று பயன்படுத்துகிறவரை மையமாக வைத்து யோசிப்பது. ஐஐடிகளில் சேர யூசீட் தேர்வு. பம்பாய் ஐஐடி நடத்துகிறது, எந்தக் குரூப்பும் எழுதலாம், தொடர்ச்சியாக இரண்டு வருடம் மட்டுமே எழுத முடியும். கம்ப்யூட்டரில் ஒரு பகுதி, தாளில் வரைவது ஒரு பகுதி. தரமணியில் இருக்கும் ஃபேஷன் கல்வி நிறுவனமான நிஃப்டுக்குத் தனித் தேர்வு. கையில் பொருளைக் கொடுத்து ஏதாவது செய்து காட்டச் சொல்லும் ஒரு சுற்றும் உண்டு. அகமதாபாத்தில் 1961இல் தொடங்கிய தேசிய வடிவமைப்புக் கழகத்துக்கு இன்னொரு தேர்வு. அதை என்.ஐ.டி. என்று ஊரில் சொன்னால் திருச்சியா என்று கேட்பார்கள், விளக்கிவிடுங்கள். இவை எல்லாவற்றிலும் செலவு லட்சக்கணக்கில் போகும். அரசுக் கவின்கலைக் கல்லூரியில் கட்டணம் அதற்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் மண், சாயம், தாள், கான்வாஸ் என்று கைக்காசு போய்க்கொண்டே இருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

வேலை? உண்மையைச் சொல்கிறேன். என்னோடு படித்தவர்களில் விஸ்காம்காரர்களுக்குத்தான் முதலில் மாதச் சம்பளம் வந்தது. நான் படிப்பு முடித்த முதல் வருடம் கல்யாணப் பத்திரிகை லேஅவுட் செய்துதான் அறை வாடகை கட்டினேன். இப்போது வீடுகளுக்கும் உணவகங்களுக்கும் ஓடு, தட்டு, கிண்ணம் செய்கிறேன். சில மாதம் நிறைய, சில மாதம் ஒன்றுமில்லை. அப்பா விருத்தாசலத்திலிருந்து மண் மூட்டைக்கு ஏற்பாடு செய்து தருகிறார், விலையும் பேசிவிடுகிறார்.

விருப்ப வரிசை நிரப்பும்போது ஆறையும் யோசித்து நிரப்புங்கள், குறிப்பாக மூன்றாவதையும் நான்காவதையும். பெரும்பாலானவர்களுக்குக் கிடைப்பது அங்கேதான் இருக்கும். முடிந்தால் அதற்கு முன்பே ஒருநாள் கல்லூரிக்குப் போய்த் துறை துறையாக எட்டிப் பாருங்கள். எந்த வாசனையில் உங்களுக்குத் தலை வலிக்கிறது என்பதுகூட ஒரு தகவல்தான். டர்பன்டைன் எனக்கு ஒத்துவராது என்று பெயின்டிங்கை இரண்டாவதாக எழுதும்போது எனக்குத் தெரியாது.

தேர்வு நாளுக்கு: ஹெச்பியிலிருந்து 6பி வரை பென்சில்கள், முந்தைய இரவே சீவி வைத்தது. அழுத்தமான பலகை, நான்கு கிளிப். வாட்டர் கலர் என்றால் தண்ணீருக்கு இரண்டு டப்பா, ஒன்று கழுவ, ஒன்று கலக்க. பழைய பனியன் துணி. சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் அசலோடு நகல்கள். ஊருக்குத் திரும்ப சாயங்கால ரயிலில் டிக்கெட் போடாதீர்கள். எனக்கு அன்று தாள் காய்ந்து கொடுத்துவிட்டு வெளியே வரவே ஐந்தரை ஆகிவிட்டது, எழும்பூர் வரைக்கும் ஓடினோம், வண்டி போய்விட்டிருந்தது.