புல்லணை முதல் மணல்திட்டு வரை

திருப்புல்லாணிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பிள்ளை வரம் வேண்டி வருகிறவர்கள். அரசமரத்தடியில் நாகப் பிரதிஷ்டை, சன்னிதியில் பால் பாயசம், அதோடு கிளம்பிவிடுகிறார்கள். ஆதிஜெகந்நாதப் பெருமாளையும் பத்மாசனித் தாயாரையும் சேவித்த கையோடு தர்ப்பசயன ராமர் சன்னிதியில் பத்து நிமிஷமாவது நிற்க வேண்டும். மற்ற ஊர்களில் வில்லேந்தி நிற்கிற ராமன் இங்கே தர்ப்பைப் புல்லில் படுத்திருக்கிறான். பக்கத்தில் சீதை இல்லை. அவள் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். கடலரசனிடம் வழி வேண்டி மூன்று நாள் கிடந்த கோலம் இது.

அப்படிக் கிடக்கச் சொன்னதே, அன்றுதான் அடைக்கலமாக வந்திருந்த விபீஷணன். நான்கு துணைவர்களோடு வான்வழியே வந்து நின்றவனை நம்பாதே என்றான் சுக்ரீவன். ஏற்கலாம் என்றான் அனுமன். ராமன் அப்போது எடுத்துச் சொன்ன முன்னுதாரணம் ஒரு புறா. தன் பேடையைப் பிடித்த வேடனே குளிரில் நடுங்கித் தன் மரத்தடிக்கு வந்து ஒதுங்கியபோது, தீ மூட்டிக் கொடுத்து, பசிக்குத் தன்னையே உணவாகக் கொடுத்த புறா. வால்மீகியும் சொல்கிறார், கம்பரும் வீடணன் அடைக்கலப் படலத்தில் சொல்கிறார். சரணாகத தர்மத்தை ராமன் ஒரு பறவையைச் சாட்சி வைத்துத்தான் பேசுகிறான். இதை மனசில் வாங்கிக்கொண்டு இந்தக் கரையைச் சுற்றினால், பார்க்கிற ஒவ்வொன்றும் வேறு மாதிரித் தெரியும்.

ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை போகிற சாலையில் சுமார் 10 கிலோமீட்டரில் திருப்புல்லாணி. உச்சி வேளைக்குப் பின் நடை சாத்திவிடுவார்கள். அதனால் விடிந்ததும் முதலில் சேதுக்கரைக் கடற்கரை, பிறகு உச்சிக்கு முன் கோயில் என்று வைத்துக்கொள்வது உத்தமம். கோயிலிலிருந்து கடல் நாலைந்து கிலோமீட்டர்தான். கரையில் கடலைப் பார்த்தபடி ஆஞ்சநேயர் சன்னிதி. ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் விடியுமுன் போய்ச் சேராவிட்டால் வண்டி நிறுத்தவே இடம் கிடைக்காது.

தர்ப்பணத்துக்கு எள், தர்ப்பை, பச்சரிசி மாவு, வாழையிலை எல்லாவற்றையும் துணிப்பையில் எடுத்துப் போங்கள். புரோகிதரிடம் தட்சிணையை முதலிலேயே பேசிக்கொள்வது இரண்டு பேருக்கும் நல்லது. கடலில் இறங்கும்போது பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடக்க வேண்டும். மணலுக்குள் புதைந்து கிடக்கிற திருக்கை, அந்த அசைவு தெரிந்தால் தானே விலகிப் போய்விடும். மிதித்தால்தான் வாலில் உள்ள முள்ளால் குத்தும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். உடுத்திக் குளித்த துணியைக் கடலில் விட்டுவிட்டு வருவது. பாவம் போகும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். துணி எங்கேயும் போவதில்லை. அலையில் உருண்டு மணலில் பாதி புதையும், பாசி படரும், வலையில் சிக்கும், பவளப்பாறையில் சுற்றிக்கொள்ளும். ஆமை மூச்சு விட மேலே வந்தாக வேண்டிய பிராணி. துணியிலோ அறுந்த வலையிலோ துடுப்பு மாட்டிக்கொண்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். ஈரத்துணியைப் பிழிந்து, கொண்டு போன பையிலேயே போட்டு எடுத்து வந்துவிடுங்கள். பிண்டத்தைப் பாலிதீன் கவரிலிருந்து இலைக்கு மாற்றிய பிறகு கரையுங்கள். கற்பூரப் பொட்டலத்தின் உறையையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடலின் அடியிலும் ஒரு புல்லணை இருக்கிறது. ஆழம் குறைந்த இடங்களில் படர்ந்து வளரும் கடற்புல்தான் ஆவுளியாவுக்கு உணவு. கடல் பசு என்கிறோமே, அதுதான். வளர்ந்தது ஒரு நாளைக்கு 30 கிலோவுக்கு மேல் மேயும். இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஒளிந்து வளர்வதும் அந்தப் புல்லுக்குள்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். தீவுகளில் இறங்க யாத்திரிகர்களுக்கு அனுமதி கிடையாது. யாராவது படகுக்காரர் கூட்டிப் போகிறேன் என்றாலும் போகாதீர்கள்.

கார்த்திகை முதல் மாசி வரைக்குள் வருகிறவர்கள், ராமநாதபுரத்தை ஒட்டிய சக்கரக்கோட்டைக் கண்மாய்க்கும் ஒரு விடியற்காலையை ஒதுக்குங்கள். கண்மாய் நிறைந்திருந்தால், தண்ணீருக்குள் நிற்கிற கருவேல மரங்களில் நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டியிருக்கும். நாயும் பூனையும் கீரியும் நெருங்க முடியாதபடி அந்தத் தண்ணீர்தான் அகழி. மழை பொய்த்துத் தண்ணீர் வற்றினால் அகழியும் போயிற்று, குஞ்சுக்கு ஊட்ட மீனும் போயிற்று. கரைமேல் நின்று பாருங்கள், கீழே இறங்க வேண்டாம். ஆள் நெருங்கினால் தாய்ப்பறவை எழும்பிவிடும். அந்த நேரம் பார்த்துக் காகம் முட்டையைத் தூக்கும். இறகு முளைக்காத குஞ்சு வெயிலில் வதங்கிப்போகும். கை தட்டி எழுப்பிப் படம் எடுக்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை. புல்லாணிப் பாசுரத்தில் திருமங்கையாழ்வார் 'காவார் மடற்பெண்ணை அன்றில் அரிகுரலும்' என்று பனைமரத்து அன்றிலைப் பாடுகிறார். இந்த நாட்டில் பனையும் உண்டு, பறவைக் குரலும் உண்டு. அந்தக் காலைவேளையில் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டுக்கொண்டு வேன் ஓட்டாமல் இருந்தாலே பெரிய கைங்கரியம்.

ராமேஸ்வரம் போகிற வழியில் மண்டபம். பாலம் ஏறும் அவசரத்தில் எல்லோரும் கடந்து போய்விடுகிற ஊர். வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன நம் சனங்களை நோய்த்தொற்று பயத்தால் நிறுத்தி வைத்த முகாம் இங்கேதான் இருந்தது. 1983-க்குப் பிறகு அக்கரையிலிருந்து உயிர் பிழைக்க வந்தவர்களை இதே மண்டபம் வாங்கிக்கொண்டது. 2022-இல் இலங்கையில் அரிசிக்கும் பாலுக்கும் தட்டுப்பாடு வந்தபோதும் கைக்குழந்தைகளோடு தனுஷ்கோடிக் கரைக்கு வந்தார்கள். சிலரைப் படகுக்காரர்கள் நடுக்கடல் மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போக, கடலோரக் காவல் படை மீட்டு வந்தது. 'அகதி முகாம்' என்ற பெயரை 2021-இல் தமிழக அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. அது குடும்பங்கள் வாழ்கிற இடம். வேடிக்கை பார்க்கவோ படம் எடுக்கவோ போகக் கூடாது.

ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி போகும் சாலையில் கோதண்டராமர் கோயில். விபீஷணன் சரணடைந்ததும் பட்டம் கட்டிக்கொண்டதும் இங்கே என்பது தல வழக்கு. 1964 டிசம்பர் 22 இரவில் அடித்த புயலில் தனுஷ்கோடி ஊரே அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த ரயில் பயணிகளோடு கடலுக்குள் போயிற்று. இந்தக் கோயில் நின்றது. ஆனி மாதம் ராமலிங்கப் பிரதிஷ்டை விழாவில் விபீஷணர் பட்டாபிஷேகம் இங்கே நடக்கும். அதற்கு வருவது விசேஷம்.

கோயிலைத் தாண்டினால் சாலையின் இருபுறமும் ஆழமில்லாத உப்பு நீர்ப்பரப்பு. பனிக்காலத்தில் பூநாரைகள் இறங்கும் இடம். 2025 ஜூனில் இதைப் பூநாரை சரணாலயமாக அறிவித்தார்கள். சரணாலயம் என்ற சொல்லை இந்த இடத்தில் படிக்கும்போது மனசு கொஞ்சம் நின்றுதான் நகர்கிறது. பூநாரை இரை எடுப்பதைக் கவனித்துப் பாருங்கள்: நீண்ட கழுத்தை வளைத்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, நாக்கால் நீரை உள்ளிழுத்து வெளியே தள்ளும். சின்னக் கூனியும் பாசியும் அலகுக்குள் தங்கிவிடும். அந்த இரையிலிருந்து வருவதுதான் அதன் இளஞ்சிவப்பு. சாம்பல் நிறமாகத் தெரிகிறவை இளம் பறவைகள். எழும்ப வேண்டுமென்றால் தண்ணீரில் சில அடி ஓடித்தான் எழும்பும். ஒவ்வொரு தடவை விரட்டும்போதும் அது தின்று சேர்த்த பலத்தில் ஒரு பங்கு வீணாகிறது. வண்டியைச் சாலையிலேயே நிறுத்தி, தூரதர்சினியில் பாருங்கள். ட்ரோன் பறக்கவிடாதீர்கள்.

சாலை முடிகிற அரிச்சல்முனையில் சேதுவை நோக்கிக் கும்பிட்டுவிட்டு இருட்டுமுன் திரும்பிவிட வேண்டும். மாலைக்கு மேல் வண்டிகளை அனுப்ப மாட்டார்கள். தை முதல் பங்குனி வரை இரவில் இந்த மணல் பங்குனி ஆமைக்கு உரியது. கரையேறி, பின்துடுப்பால் குழி தோண்டி, நூறு முட்டைக்கு மேல் இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். டார்ச் வெளிச்சம் கண்டால் முட்டை இடாமலே திரும்பிவிடுவதும் உண்டு. 45 முதல் 60 நாளில் வருகிற குஞ்சு, கடல்மேல் தெரிகிற வெளிச்சத்தைப் பார்த்துத்தான் தண்ணீருக்கு ஓடும். பின்னால் வண்டி விளக்கு எரிந்தால் சாலைப் பக்கம் திரும்பிவிடும்.