ஜெபம் வராத லெந்து நாட்கள்

மார்ச் 5, 2025, புதன்

இன்னிக்கு சாம்பல் புதன், ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற லெந்து, அதாவது தவக்காலம், ஆரம்பம். ஈஸ்டர் வரைக்கும் தினமும் முடியலேன்னாலும் முடியிறப்ப எழுதி வைக்கலாம்னு இருக்கேன், ஏன்னா இதை வாய் விட்டு சொல்ல ஆள் இல்ல, சொன்னாலும் பாதியிலேயே அறிவுரை வந்துடுது.

விஷயம் இதுதான். கொஞ்ச மாசமா முழங்கால் போட்டா உள்ள ஒண்ணும் அசையல. முன்னாடி எல்லாம் "அப்பா"ன்னு ஆரம்பிச்சாலே கண்ணு கலங்கிடும், பாட்டு பாடுறப்ப நெஞ்சு நெறஞ்சு போகும், வேலைக்கு பஸ்ல போறப்ப கூட பக்கத்துல ஆண்டவர் இருக்காருன்னு அப்படி ஒரு தைரியம் இருக்கும். இப்ப அது இல்ல. பைபிளை திறக்கறேன், வாசிக்கறேன், மூடறேன். இத்தனைக்கும் வீட்ல ஒரு குறையும் இல்ல, யாரும் சாகல, கடன் தொல்லை இல்ல, புள்ளைங்க நல்லா படிக்குதுங்க, அவருக்கும் எனக்கும் சண்டை சச்சரவு கிடையாது. ஏதாவது ஒண்ணு நடந்திருந்தா அதை சொல்லி அழுதுடலாம். ஒண்ணுமே நடக்காம ஆண்டவர் எங்க போனாரு?

மார்ச் 9, ஞாயிறு

லெந்து முதல் ஞாயிறுன்னா வனாந்தர சோதனை தான் பிரசங்கம், எத்தனையோ வருஷமா கேக்கறது. இன்னிக்கு வாசிச்சப்ப ஒரு இடத்துல மனசு நின்னுடுச்சு. யோர்தான்ல ஞானஸ்நானம் எடுத்து, வானத்துல இருந்து "இவர் என்னுடைய நேசகுமாரன்"னு சத்தம் கேட்டு, அதுக்கு அடுத்தது நேரா வனாந்தரம். அதுவும் கொண்டு போனது ஆவியானவர், மத்தேயு 4ல முதல் வசனமே அதான். பிரியமான புள்ளன்னு சொன்ன கையோட நாப்பது நாள் பசி. அப்போ வனாந்தரத்துல நிக்கறவங்க எல்லாரும் தப்பு பண்ணி அங்க வந்தவங்கன்னு எப்படி சொல்ல முடியும்?

இதை ஏன் எழுதறேன்னா, போன வாரம் ஒரு ஜெபக்கூட்டத்துல ஒரு அம்மாகிட்ட தயங்கி தயங்கி கொஞ்சம் சொன்னேன். அவங்க என் கையை பிடிச்சுகிட்டு "மறைவான பாவம் ஏதாவது இருக்கும்மா, யோசிச்சுப் பாரு"ன்னாங்க. நல்ல மனசோட தான் சொன்னாங்க, அதுல சந்தேகம் இல்ல. ஆனா ராத்திரி எல்லாம் தூக்கம் இல்லாம ஒவ்வொண்ணா தோண்டி எடுத்து பார்த்து, எதுக்கெல்லாமோ மன்னிப்பு கேட்டு, காலையில எழுந்தா அதே வெறுமை. பாவ அறிக்கை தேவை தான், அது எல்லாருக்கும் எல்லா நாளும் தேவை. ஆனா எல்லா வறட்சிக்கும் அதே ஒரு மருந்தை எழுதிக் குடுக்கறது எனக்கு சரியா படல, ஏற்கனவே துவண்டு கிடக்கறவங்களை அது இன்னும் அழுத்துது.

மார்ச் 13, வியாழன்

எங்க ஹால்ல காலண்டர்ல யோபு 23:10 போட்டிருக்கு, "ஆனாலும் நான் போகும் வழியை அவர் அறிவார், அவர் என்னைச் சோதித்தபின் நான் பொன்னாக விளங்குவேன்". வாக்குத்தத்த அட்டையில, கல்யாண பத்திரிகையில, கார் கண்ணாடியில கூட பார்த்திருக்கேன். இன்னிக்கு அந்த அதிகாரத்தையே எடுத்து வாசிச்சேன். அதுக்கு முன்னாடி ரெண்டு வசனம் இருக்கே, 8, 9, அதை எந்த காலண்டர்லயும் நான் பார்த்ததில்ல. "இதோ, நான் முன்னாகப்போனாலும் அவர் இல்லை, பின்னாகப்போனாலும் அவரைக் காணேன்." இடது பக்கம் பார்த்தா இல்ல, வலது பக்கம் பார்த்தா ஒளிஞ்சிருக்காரு. இப்படி நாலு பக்கமும் தேடி கிடைக்காம தான் அந்த மனுஷன் "ஆனாலும்"னு ஆரம்பிக்கிறாரு. நாம அந்த "ஆனாலும்"க்கு முன்னாடி உள்ளதை வெட்டிட்டு பொன்னை மட்டும் எடுத்து மாட்டி வெச்சிருக்கோம்.

எனக்கு இப்ப 10 வேண்டாம். 8 போதும். பைபிள்லயே ஒருத்தர் இதை சொல்லியிருக்காரு, அதுக்காக அவரை யாரும் பைபிள்ல இருந்து எடுத்துடல.

மார்ச் 18, செவ்வாய்

ஃபேக்டரியில மெயின்டனன்ஸ் நடக்குது. மாங்கூழ் சீசன் மே மாசம் தான் சூடு பிடிக்கும், அதுக்குள்ள மெஷின் எல்லாம் கழட்டி மாட்டறாங்க, எனக்கு பில் வேலை குவிஞ்சு கிடக்கு. வர்ற வழியில தோப்பு எல்லாம் பெங்களூரா மாங்காய் பிஞ்சு பிடிச்சிருக்கு. அசதி ரொம்ப இருக்கு. அவரு "ஏம்மா, ஒரு தடவை ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாரேன், ஜெபத்துக்கும் உடம்புக்கும் சம்பந்தம் இல்லாமலா இருக்கும்"ங்கறாரு. சரின்னுட்டேன்.

மார்ச் 24, திங்கள்

நேத்து மத்தியானம் எலத்தகிரி போயிட்டு வந்தேன். அங்க எங்க பெரியம்மா இருக்காங்க, அம்மாவோட அக்கா, ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்க வீட்ல வாக்கப்பட்டு போனவங்க. நாங்க லுத்தரன், புராட்டஸ்டன்ட் சபை, அவங்க ஆர்.சி., அதுல எங்களுக்குள்ள எப்பவும் பேச்சு வந்ததில்ல. ஊரே கிட்டத்தட்ட ஆர்.சி. தான், தவக்காலம்னா சிலுவைப்பாதை, பூசைன்னு அதுக்குன்னு ஒரு நடை வந்துடும் அந்த ஊருக்கு.

சாப்பிட சொன்னாங்க, களியும் கீரையும். சாப்பிட்டுகிட்டே எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவங்க அறிவுரை ஒண்ணும் சொல்லல. "எனக்கு அப்படித்தான் கண்ணு, உங்க பெரியப்பா இருக்கறப்பவே இருந்து"ன்னாங்க.

நான் அப்படியே உக்காந்துட்டேன். தினமும் ஜெபமாலை சொல்றவங்க, காய்ச்சல்ல கிடந்தா கூட பூசைக்கு போறவங்க. "என்ன பெரியம்மா சொல்றீங்க?"

"ஒண்ணும் தோணாது. சொல்லுவேன், முடிப்பேன், எழுந்து வேலை பார்ப்பேன். முதல்ல பயந்தேன். அப்புறம் ஒரு தியானத்துக்கு போனப்ப சாமியார் சிலுவை யோவானைப் பத்தி சொன்னாரு. புள்ளைக்கு பால் மறக்கடிக்க நாம வேப்பிலை அரைச்சு தடவறோம்ல, அந்த மாதிரி கடவுளும் செய்வாராம். புள்ள மேல கோவமா தடவறோம்? அது எழுந்து நடக்கணும், சோறு திங்கணும், அதுக்குத்தான. ஆனா புள்ளைக்கு அது தெரியாது, அம்மா மாறிட்டான்னு அழும்."

ராத்திரி வந்து போன்ல அவரைப் பத்தி தேடி படிச்சேன். பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயின் நாட்டு கார்மேல் சபை துறவி. சபையை சீர்திருத்தப் போறேன்னு நின்னதுக்கு சொந்த சபைக்காரங்களே 1577 டிசம்பர்ல பிடிச்சுட்டு போய் டொலேடோ ஊர்ல ஒரு சின்ன அறையில அடைச்சு வெச்சிருக்காங்க, அடியும் உண்டு. 1578 ஆகஸ்ட்ல தப்பிச்சு வெளிய வந்திருக்காரு. அந்த இருட்டறையில தான் கவிதை எழுதியிருக்காரு. பெரியம்மா சொன்ன அந்த பால் மறக்கடிக்கிற உவமை நெசமாவே அவர் எழுதினது தான், அவர் ஊர்ல வேப்பிலைக்கு பதிலா கற்றாழைக் கசப்பு.

இன்னொண்ணும் சொல்றாரு, அது எனக்கு ரொம்ப பெருசா பட்டுது. இந்த வறட்சி கடவுள் கிட்ட இருந்து வந்ததா, இல்ல நம்ம அசட்டையா, இல்ல உடம்பு மனசு சம்பந்தப்பட்ட சோர்வான்னு பிரிச்சு பார்க்க மூணு அடையாளம் குடுக்கறாரு. ஒண்ணு, ஜெபத்துல மட்டும் இல்ல, வேற எதுலயும் ருசி இருக்காது. ரெண்டு, ஐயோ நான் ஆண்டவரை விட்டு பின்னால போறேனேன்னு ஒரு வேதனை இருந்துகிட்டே இருக்கும். மூணு, முன்னாடி மாதிரி யோசிச்சு தியானம் பண்ண முடியாது. அந்த ரெண்டாவதை திரும்ப திரும்ப வாசிச்சேன். அசட்டையா இருக்கறவனுக்கு அந்த வேதனை வராது, ருசி இல்லேன்னா விட்டுட்டு போயிட்டே இருப்பான். எனக்கு வலிக்குது. வலிக்குதுன்னா நான் இன்னும் அவரைத் தேடிகிட்டு தான் இருக்கேன்.

அன்னை தெரசாவைப் பத்தியும் பெரியம்மா சொன்னாங்க. 1997ல இறந்தாங்க, பத்து வருஷம் கழிச்சு 2007ல அவங்க கடிதங்கள் புத்தகமா வந்தப்ப தான் உலகத்துக்கே தெரிஞ்சுது, கல்கத்தாவுல அந்த வேலையை ஆரம்பிச்ச காலத்துல இருந்து கிட்டத்தட்ட அம்பது வருஷம் உள்ளுக்குள்ள இருட்டுலயே இருந்திருக்காங்கன்னு. நடுவுல 1958ல ஒரு சில வாரம் மட்டும் வெளிச்சம். ரோட்ல சாகக் கிடந்தவங்களைத் தூக்கிட்டு வந்து கழுவின கை அது. 2016ல புனிதர் பட்டம் குடுத்தப்ப டிவியில பார்த்தோம், அப்ப இது எதுவும் எனக்கு உறைக்கல.

மார்ச் 31, திங்கள்

இன்னிக்கும் ஒண்ணும் இல்ல. கர்த்தருடைய ஜெபத்தை மெதுவா சொன்னேன், எழுந்துட்டேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

ரிசல்ட் வந்துது. ரத்தத்துல இரும்புச்சத்து ரொம்ப குறைச்சலாம், மாத்திரை குடுத்திருக்காங்க, மூணு மாசம் கழிச்சு திரும்ப பார்க்கணும். தூக்கம், மனசு பத்தியும் அந்த டாக்டரம்மா பொறுமையா கேட்டாங்க. இதெல்லாம் ஆவிக்குரிய விஷயம் இல்லன்னு ஒதுக்கறவங்களுக்கு 1 இராஜாக்கள் 19ஐ தான் காட்டணும். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடி கீழ படுத்து "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்"னு கேக்கறாரு. அதுக்கு ஆண்டவர் ஒரு பிரசங்கமும் பண்ணல. தூங்க விட்டாரு. தூதன் வந்து தட்டி "எழுந்திருந்து போஜனம்பண்ணு"ன்னான், தலைமாட்டுல தழல்ல சுட்ட அடையும் தண்ணியும். சாப்பிட்டு திரும்ப தூங்கிட்டாரு, திரும்ப எழுப்பி திரும்ப சாப்பாடு. அப்புறம் தான் ஓரேப் மலை, காத்து, பூமியதிர்ச்சி, நெருப்பு, கடைசியில அமர்ந்த மெல்லிய சத்தம். நாம எல்லாரும் அந்த மெல்லிய சத்தத்தை பேசறோம், அடையை யாரும் பேசறதில்ல. மாத்திரை போடறப்ப எல்லாம் நன்றி சொல்றேன், அதுல ஒரு உணர்ச்சியும் இல்ல, ஆனா மனசார தான் சொல்றேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை பவனி. வெயில் மண்டையைப் பொளக்குது, சின்னதுங்க எல்லாம் ஓலையை தலைக்கு மேல பிடிச்சுகிட்டு ஓசன்னா பாடிகிட்டு வந்துதுங்க. ஆராதனை முடிஞ்சு வயசான ஒரு ஐயா கிட்ட பேசிகிட்டு இருந்தப்ப எங்க சபை பழைய கதை வந்துது. தியோடர் நேத்தர்னு ஒரு ஜெர்மன் மிஷனரி, 1895ல இந்த கிருஷ்ணகிரியில தான் மிசௌரி லுத்தரன் மிஷனை ஆரம்பிச்சாரு. அதுக்கு முன்னாடி இருந்த மிஷன்ல வேத வசனம் பத்தின கொள்கையில ஒத்துப் போகாம வெளிய வந்தவரு. 1904ல பிளேக் வந்து இறந்துட்டாரு. ஒன்பது வருஷம் தான். இன்னிக்கு நான் உக்கார்ற பெஞ்சு, என் புள்ளைங்க பிடிச்ச ஓலை, எதையும் அவர் பார்க்கல. ஆண்டவர் செய்யறது எல்லாம் செய்யறவன் கண்ணுக்கும் மனசுக்கும் உடனே தெரிஞ்சாகணும்னு ஒண்ணும் இல்லன்னு நெனச்சுகிட்டே வீட்டுக்கு வந்தேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மும்மணி தியானம், பன்னெண்டுல இருந்து மூணு வரைக்கும், சிலுவையில இயேசு பேசின ஏழு வார்த்தைகள். நாலாவது வார்த்தைக்காகவே காத்துகிட்டு இருந்தேன். "ஏலி! ஏலி! லாமா சபக்தானி", என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்னு அர்த்தம். அது சங்கீதம் 22ஓட முதல் வரி, சின்ன வயசுல இருந்து தெரியும். அடுத்த வரி இன்னிக்கு தான் குத்துச்சு, "நான் பகலிலே கூப்பிடுகிறேன், உத்தரவுகொடீர்". பதில் வரலேன்னு சொல்ற வார்த்தையை ஆண்டவரே தன் வாயில எடுத்திருக்காரு, சாகறப்ப. அதுவும் "என் தேவனே"ன்னு. கைவிட்டீரேன்னு சொல்றப்பவும் "என்"னு சொல்றாரே.

சங்கீதங்கள்ல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு இந்த மாதிரி புலம்பல் தான். அதுல பெரும்பாலானது கடைசியில துதியில வந்து முடிஞ்சுடும். 88 மட்டும் இருட்டுலயே முடியும், ஒரு வெளிச்சமும் இல்லாம. ஆனா "இரவும் பகலும் உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்"னு தான் ஆரம்பிக்குது. கோயில் பாடகர்களான கோராகின் புத்திரர் பாட்டு, கோயில்ல எல்லாரும் சேர்ந்து பாடினது. அப்போ இந்த வெறுமையோட வந்து நிக்கறதுக்கு அவர் சந்நிதியில இடம் இருக்கு, அழுதாத்தான் ஜெபம், நெறஞ்சாத்தான் ஜெபம்னு அவர் கேக்கவே இல்ல. உம்மைக் காணலன்னு உம்ம கிட்டயே வந்து சொல்றேனே ஆண்டவரே, இது ஜெபம் இல்லாம வேற என்ன? இதை அங்கேயே உக்காந்து அவர்கிட்ட சொன்னேன். அழுகை வரல. ஆனா ரொம்ப நாளைக்கு அப்புறம் நெசமா ஒரு வார்த்தை பேசினேன்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

விடியக்காலை நாலு மணி ஆராதனை. "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்"னு போதகர் ஐயா சொன்னதும் எல்லாரும் "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்"னாங்க, நானும் சொன்னேன், சத்தமா. சிலிர்ப்பு எதுவும் வரல. என் நெஞ்சு நிறையறதை வெச்சு அவர் எழுந்தாரா இல்லையான்னு ஆகப் போறதில்ல. கல்லறைக்கு போன அந்தப் பொம்பளைங்க கூட பயந்து நடுங்கிட்டு ஓடினாங்கன்னு தான மாற்கு எழுதி வெச்சிருக்காரு.

ஏப்ரல் 24, வியாழன்

ஃபேக்டரி லேப்ல பிரிக்ஸ், அதாவது கூழோட இனிப்பு அளவு, பார்க்கற பொண்ணு ஒண்ணு இருக்கு, பர்கூர் பக்கம், அதுவும் சர்ச்சுக்கு போற பொண்ணு தான். மத்தியானம் சாப்பிடறப்ப "அக்கா, ஈஸ்டர் எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டுது. நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டு விட்டிருக்கலாம். நான் உள்ளதை சொன்னேன், போன வருஷத்துல இருந்து இப்படித்தான் இருக்குன்னு. அது கொஞ்ச நேரம் டப்பாவையே பார்த்துகிட்டு இருந்துட்டு, "எனக்கு காலேஜ் முடிச்சதுல இருந்து அக்கா, நான் இனிமே கிறிஸ்தவளே இல்லையோன்னு நெனச்சுகிட்டு இருந்தேன்"னுச்சு. அந்த மூணு அடையாளத்தையும் சொன்னேன். ரெண்டாவதை சொல்றப்ப அதுக்கு கண்ணு கலங்கிடுச்சு. தூக்கம், சாப்பாடு எப்படின்னும் கேட்டேன், அதுவும் ஒரு தடவை டாக்டரைப் பார்க்கறேன்னு சொல்லியிருக்கு.

சீசன் ஆரம்பிச்சுட்டா ஷிப்ட் மாறிடும், அதுக்குள்ள செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்துல ஸ்டோர் ரூம் பின்னாடி உக்காந்து ஆளுக்கு ஒரு சங்கீதம் வாசிக்கறதுன்னு பேசியிருக்கோம். புலம்பல் சங்கீதம் எல்லாம் வரிசையா. வர்ற செவ்வாய் 13, "கர்த்தாவே, எதுவரைக்கும்". அதை அது வாசிக்கும், எனக்கு 42.