கணவாய் ஓடும் ரன்னிங் போர்டும்

தண்டையார்பேட்டையில் எங்கள் ஷெட்டுக்கும் கடலுக்கும் நடுவில் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு ஒன்றுதான் குறுக்கே. காலையில் துடைத்து வைத்த ஸ்பானரைச் சாயங்காலம் எடுத்தால் உள்ளங்கையில் பழுப்பு ஒட்டும். முப்பது வருஷமாக டிங்கரிங் வேலை. பிரீமியர் பத்மினியில் கை பழகினேன், நடுவில் ஏழு வருஷம் ஷார்ஜாவில் ஒரு ஒர்க்‌ஷாப், அப்புறம் மறுபடியும் இங்கேயே. துரு இல்லாத ஊரில் பிறந்திருந்தால் எனக்குப் பிழைப்பே இல்லை.

போன மாதம் ஒரு தம்பி வந்தார். சாஃப்ட்வேர் வேலை. பழைய ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். இரும்புக் கூரை இல்லாத இத்தாலி கார். 1974 மாடல், இடது பக்க ஸ்டீயரிங், சிவப்பு. "இன்ஜின் சூப்பரா ஓடுதுண்ணா. நீங்க ஒருதரம் வந்து பார்த்தா போதும்" என்றார். இன்ஜின் சூப்பராக ஓடுகிறது என்று யாராவது சொன்னாலே எனக்கு அடிவயிற்றில் ஏதோ செய்யும். ஏன் என்பதை அப்புறம் சொல்கிறேன்.

அந்த வண்டி அழகுதான், மறுக்கமாட்டேன். பினின்ஃபரினா என்கிற இத்தாலி டிசைன் கம்பெனி வரைந்தது. 1966இல் ஜெனிவா கண்காட்சியில் காட்டினார்கள்; 1993 வரைக்கும் உருவத்தில் சிறுசிறு மாற்றத்தோடு வந்துகொண்டே இருந்தது. முதல் வண்டிகளுக்குப் பின்பக்கம் படகு மாதிரி உருண்டு ஒடுங்கியிருக்கும். அதற்கு இத்தாலிக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் கணவாய் ஓடு, அதாவது கணவாய் மீனின் ஓடு. ஷார்ஜாவில் இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. காசிமேட்டுக் கரையில் சின்ன வயதில் நாங்கள் பொறுக்கி விளையாடியது அந்த ஓட்டைத்தானே! 1970 வாக்கில் அந்த வாலை நறுக்கென்று வெட்டிவிட்டார்கள். தம்பி பார்த்தது வெட்டிய வால் வண்டி, இன்ஜின் 1962 சிசி.

கூரை இல்லாத வண்டியில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். ஒரு செருப்புப் பெட்டியை மூடியோடு பிடித்து முறுக்கிப் பாருங்கள், அசையாது. மூடியை எடுத்துவிட்டு முறுக்குங்கள், கோணிக்கொள்ளும். பத்மினியில் தரை ஓட்டையாகிப் போனாலும் கூரையும் தூண்களும் கொஞ்சம் தாங்கும். ஸ்பைடரில் அந்தப் பாரம் முழுக்கக் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பட்டையில்தான் உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் அதை ரன்னிங் போர்டு என்போம். அது ஒற்றைத் தகடு இல்லை, அடுக்கடுக்காக வைத்து வெல்டு செய்தது. வெளித்தகடு பளபளவென்று இருக்கும், உள்ளே இருக்கிற தகடு பொடியாகிப் போயிருக்கும்.

ஷார்ஜாவில் ஒரு மலையாளி அக்கவுண்டன்ட் ஆசையாக ஒரு ஸ்பைடர் பார்த்தார், அமெரிக்காவிலிருந்து வந்த வண்டி. என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். நான் பானெட்டைத் திறந்தேன். மேலே இரட்டை கேம், முழுக்க அலுமினியம், அந்தச் சத்தம்! மயங்கிவிட்டேன். பெயின்டையும் ஒரு தட்டு தட்டிவிட்டு, "எடுங்க சார்" என்றேன். பத்து நாள் கழித்து டயர் பஞ்சர். ஜாக்கி போட்டிருக்கிறார். அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம், ஜாக்கி ரன்னிங் போர்டுக்குள் புகுந்துவிட்டது. டிரைவர் பக்கக் கதவு இறுகிப்போய்த் திறக்கவே இல்லை. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதனால் தம்பியோடு போனபோது பானெட்டைத் தொடவே இல்லை. முதலில் கதவு இடைவெளி. வண்டி நடுவில் தொய்ந்திருந்தால் கதவின் மேல்பக்கம் சந்து குறுகியும் கீழே அகன்றும் இருக்கும். விரல் நகத்தை விட்டு மேலிருந்து கீழே இழுத்தாலே தெரிந்துவிடும். அப்புறம் துணி சுற்றிய காந்தம். ரன்னிங் போர்டு, சக்கர வளைவு, கதவின் அடிவிளிம்பு, ஹெட்லைட்டைச் சுற்றி என்று நகர்த்திக்கொண்டே போனேன். இடது பக்கம் பின்சக்கரத்துக்கு முன்னால் ஒரு சாண் தூரத்துக்குக் காந்தம் வழுக்கி விழுந்தது. அங்கே தகடே இல்லை, ஓட்டையை அடைத்துப் பூசுகிற வெறும் பட்டி. டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் பள்ளத்தைத் தூக்கிப் பார்த்தேன், ஈரம். ஜாக்கி போடுகிற இடத்தில் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினேன். நல்ல இரும்பு என்றால் டணார் என்று சொல்லும். இது தொப் தொப்.

கடைசியாக ஒரு பாட்டில் தண்ணீர். சீட்டுக்குப் பின்னால் துணிக் கூரை மடிந்து உட்காரும் பள்ளத்தில், ஓரமாக வடிகால் ஓட்டை இருக்கும். மெதுவாக ஊற்றினால் தண்ணீர் வண்டிக்கு அடியில் தரையில் விழவேண்டும். வலது பக்கம் விழுந்தது. இடது பக்கம் முழு பாட்டிலும் போயிற்று, ஒரு சொட்டும் வெளியே வரவில்லை. "எங்கண்ணா போச்சு?" என்றார் தம்பி. காந்தம் வழுக்கிய இடத்தைக் காட்டினேன். குப்பை அடைத்த ஒரு குழாய், எத்தனையோ மழைக்காலம், அவ்வளவுதான் கதை.

மற்றதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. இந்த இன்ஜினில் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட்தான் பலவீனம். ஆயில் போகும் வழிகளைச் சுற்றி ரப்பர் வளையம் இருக்கும். அது கெட்டால் ஆயில் கசியும், தண்ணீரோடும் கலக்கும். ஆயில் மூடியைத் திருப்பினால் உள்ளே வெண்ணெய் மாதிரி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இதில் சுத்தம். வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடும் டைமிங்குக்குச் செயின், அந்தக் கவலை கம்மி. இதே காலத்து ஃபியட் 124 ஸ்பைடர் என்றால் பெல்ட். வாங்கின அன்றே மாற்றிவிடுவது நல்லது. கியரில் இரண்டாவதைத்தான் நம்பக்கூடாது. வண்டி சூடாவதற்கு முன்னால் போட்டுப் பார்த்தால் கறமுற என்று பல் கடிக்கும். ஓனர் எங்களுக்காக முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தார், ரொம்ப நல்ல மனசு! ஆறட்டும் என்று டீ குடித்துவிட்டு வந்து போட்டோம். கடித்தது. அமெரிக்காவுக்குப் போன 70களின் வண்டிகளில் ஸ்பைகா என்கிற, பெட்ரோலைப் பீய்ச்சும் மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷன் இருக்கும். அது கெட்டுப்போனால் கைவைக்க ஆள் தேடவேண்டும். இதில் வெபர் கார்புரேட்டர்தான். பழைய பார்ட்ஸ் விற்கும் புதுப்பேட்டையில், பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட் கிடைக்காவிட்டாலும் சுத்தம் செய்யவாவது ஆள் உண்டு.

காகிதத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கச் சொன்னேன். இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் இருக்கும் தகடான ஃபயர்வாலில் குத்தியிருக்கும் சேசிஸ் நம்பரும் ஆர்சியில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும். ஐம்பது வயதைத் தாண்டிய வண்டிக்கு, 2021இல் வந்த விதிப்படி விஏ என்ற எழுத்தோடு விண்டேஜ் நம்பர் வாங்கலாம். ஆனால் வாங்கினால் தினமும் ஆபீசுக்கு ஓட்டமுடியாது. கண்காட்சி, ராலி, ரிப்பேர், பெட்ரோல் போடப் போவது என்று அதோடு சரி. தம்பியின் முகம் கொஞ்சம் வாடியது.

இவ்வளவும் சொல்லி, வேண்டாம் என்றுதான் முடித்தேன். அவர் எடுத்துவிட்டார்! ஆனால் ரன்னிங் போர்டு, தரை வேலைக்கு நான் போட்ட கணக்கை ஓனரிடம் நீட்டி, அதை அப்படியே விலையில் கழித்துக்கொண்டுதான் எடுத்தார்.

இப்போது வண்டி எங்கள் ஷெட்டில். இரண்டு கதவு வாசலிலும் குறுக்கே ஆங்கிள் வைத்து வெல்டு அடித்திருக்கிறேன். இதைச் செய்யாமல் ரன்னிங் போர்டை வெட்டினால் வண்டி அந்த இடத்திலேயே மடிந்துவிடும், பிறகு எந்தக் கதவும் எந்த வாசலிலும் உட்காராது. நேற்று மீன்பாடி வண்டிக்காரர் ஒருவர் ஐஸ் இறக்கிவிட்டுத் திரும்பும்போது நின்று பார்த்தார். "இன்னா தலீவா, மேல மூடியே காணோம்?" என்றார். வந்ததே அப்படித்தான் என்றேன். கீழே குனிந்து பார்த்தவர், "கீயவும் காணோமே" என்றார். நாளைக் காலையில் இடது பக்கத்தை வெட்டவேண்டும். கதவுச் சந்தை நாலு இடத்தில் அளந்து சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன்.